இரான் பிள்ளைகளிடம் புல்லியிங்கை அளப்பது: ஒவ்வொரு கட்டுரையும் ஒவ்வொரு எண் சொல்வது ஏன்?

2025 பிப்ரவரி 9 | வேப்பம்பூ

இரானில் பள்ளிப் பிள்ளைகளிடையே புல்லியிங் (சக பிள்ளையைத் துன்புறுத்துவது), சைபர் புல்லியிங் (அதையே ஃபோன், இணையம் வழியாகச் செய்வது) எவ்வளவு என்று அளந்த கட்டுரைகளை வரிசையாக வைத்துப் படிக்கிறேன். ஒன்றின் சதவீதம் இன்னொன்றோடு ஒட்டவே இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தன் ஆல்ஃபா (கேள்விகள் தங்களுக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற எண்) நன்றாக இருக்கிறது, வினாத்தாள் நம்பகமானது என்கிறது. ஏதோ ஒன்றுதான் சரி, மீதியெல்லாம் தப்பு என்றுதானே அர்த்தம்? 7, 8, 9ஆம் வகுப்புக்குப் பாரசீகத்தில் ஒரு வினாத்தாள் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எதை எடுப்பது?

2025 பிப்ரவரி 9, இரவு | அளவுகோல்

எதுவும் தப்பாக இருக்க வேண்டியதில்லை. அவர்கள் கேட்டது ஒரே கேள்வியே இல்லை. ஒவ்வொரு கட்டுரையிலும் முதலில் மூன்று விஷயங்களைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள். எவ்வளவு காலத்தைப் பற்றிக் கேட்டார்கள்? எத்தனை முறை நடந்தால் 'பாதிக்கப்பட்டவர்' என்று எண்ணினார்கள்? எத்தனை கேள்விகளில் ஏதாவது ஒன்றில் மாட்டினால் போதும் என்று வைத்தார்கள்? ஆல்ஃபாவை அப்புறம் பார்க்கலாம்.

டான் ஒல்வேயஸின் திருத்திய வினாத்தாள் (1996) புல்லியிங் என்றால் என்ன என்று முதலில் ஒரு பத்தி வாசித்துக் காட்டும்: வேண்டுமென்றே நோகடிப்பது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதபடி பலத்தில் ஏற்றத்தாழ்வு இருப்பது. நட்பான கிண்டலும், சம பலமுள்ள இருவரின் சண்டையும் இதில் சேராது என்றும் சொல்லும். பிறகு 'கடந்த ஓரிரு மாதங்களில்' என்று கேட்டு ஐந்து விடைகள் தரும்: இல்லை, ஒன்றிரண்டு முறை, மாதம் 2, 3 முறை, வாரம் ஒரு முறை அளவில், வாரம் பல முறை. 'மாதம் 2, 3 முறை' என்பதை வெட்டுக்கோடாக, அதாவது அதிலிருந்து மேலே குறித்தவரைப் பாதிக்கப்பட்டவர் என்று எண்ணும் கோடாக, வைப்பது 2003இல் சோல்பெர்க்கும் ஒல்வேயஸும் காரணத்தோடு முன்வைத்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் பள்ளி மாணவர் ஆய்வு, அதன் பழைய வடிவத்தில், 'கடந்த 30 நாளில் எத்தனை நாள்' என்று கேட்கும். விடைகள் 0 நாளில் தொடங்கி 30 நாளும் என்பது வரை ஏழு. ஒரு நாள் நடந்திருந்தாலே கணக்கில் வந்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் உடல்நலம் பற்றிய இரானின் காஸ்பியன் ஆய்வு வரிசை இந்தக் குடும்பத்து வினாத்தாளை ஒட்டியது. அதன் நான்காம் சுற்று (2011–12) 30 மாகாணங்களில் 6 முதல் 18 வயது வரை 14,880 பேரைக் குறிவைத்த பெரிய வேலை.

இல்லினாய்ஸ் புல்லி அளவையில் (எஸ்பெலாஜ், ஹோல்ட், 2001) 18 கேள்விகள்: தான் பிறரைப் புல்லியிங் செய்தது பற்றி 9, சண்டை பற்றி 5, தான் பட்டது பற்றி 4. காலம் 30 நாள். விளக்கப் பத்தி கிடையாது. அது மதிப்பெண் தரும் அளவை, சதவீதம் தருவதற்காகச் செய்ததல்ல. அதை வைத்து 'இத்தனை சதவீதம் புல்லிகள்' என்று ஒரு கட்டுரை சொன்னால், கோட்டை அந்த ஆசிரியர்களே எங்கோ கிழித்திருக்கிறார்கள். எங்கே என்று தேடுங்கள்.

சைபருக்கு அதிகம் புழங்குவது ஐரோப்பிய சைபர் புல்லியிங் திட்டத்தின் வினாத்தாள் (டெல் ரே குழு, 2015). 22 கேள்விகள், பட்டது 11, செய்தது 11. காலம் இரண்டு மாதம். விடைகள் 0 முதல் 4 வரை. ஏதாவது ஒரு கேள்வியில் 'மாதம் ஒன்றிரண்டு முறை' அல்லது அதற்கு மேல் குறித்தாலே உள்ளே வந்துவிடுவார்கள்.

இந்த நான்கையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க முடியாது.

2025 பிப்ரவரி 10 | அளவுகோல்

'ஏதாவது ஒன்றில் மாட்டினால் போதும்' என்ற விதி செய்யும் வேலையை எண்ணிலேயே காட்டுகிறேன். ஒவ்வொரு கேள்வியிலும் 100 பேரில் 2 பேர் கவனம் இல்லாமல் மேல்விடை ஒன்றைக் குறித்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். உண்மையில் யாருக்கும் எதுவும் நடக்கவில்லை. ஒரே கேள்வி என்றால் உங்கள் சதவீதம் 2. பதினொரு கேள்வி என்றால் 0.98ஐ பதினொரு முறை பெருக்க வேண்டும், 0.80 வரும். அதாவது 100க்கு 20 பேர் 'பாதிக்கப்பட்டவர்'. யாருக்கும் எதுவும் நடக்காமலேயே.

2025 பிப்ரவரி 10 | சிலேட்டு

அந்தக் கணக்கு, தவறுகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் விழும் என்று எடுத்துக்கொள்கிறது. வகுப்பில் அப்படி விழாது. கவனமில்லாத பையன் எல்லாக் கேள்வியிலும் கவனமில்லாமல்தான் இருப்பான். அதனால் 20 என்பது மேல்வரம்பு, 2 கீழ்வரம்பு. உண்மை நடுவில் எங்கோ இருக்கும்.

2025 பிப்ரவரி 10 | அளவுகோல்

சரியான திருத்தம். சொல்ல வந்தது திசை: கேள்வி கூடக் கூட சதவீதம் மேலே மட்டுமே போகும், கீழே வரவே வராது. 7 கேள்வி வடிவத்தையும் 11 கேள்வி வடிவத்தையும் பக்கத்தில் வைத்து 'சைபர்தான் அதிகம்' என்று எழுதுவதைப் பார்த்தால் நிறுத்திப் படியுங்கள். சைபர் வினாத்தாளைச் செய்த அதே ஐரோப்பியக் குழுவின் நேரடிப் புல்லியிங் வினாத்தாளில் பட்டது 7, செய்தது 7தான். கேள்வி எண்ணிக்கையே சைபருக்குச் சாதகம்.

2025 பிப்ரவரி 16 | வேப்பம்பூ

ஏப்ரல் மூன்றாம் வாரம் பள்ளிகளுக்குப் போகலாம் என்று திட்டம். ஒல்வேயஸ் மாதிரி 'கடந்த இரண்டு மாதம்' வைக்கலாமா?

2025 பிப்ரவரி 16 | அளவுகோல்

வைக்கக் கூடாது. அந்த இரண்டு மாதத்தைக் காலண்டரில் போட்டுப் பாருங்கள். மார்ச் 21 அன்று இரானிய ஆண்டு 1404 பிறக்கிறது. நவ்ரூஸ் என்ற அந்தப் புத்தாண்டு விடுமுறை ஃபர்வர்தின் 13 வரை, அதாவது ஏப்ரல் 2 வரை. அதற்கு முந்தைய வாரத்திலேயே வகுப்புகள் பாதி காலியாகத் தொடங்கிவிடும். இந்த ஆண்டு மார்ச் மாதம் முழுக்க ரமலானும் கூட. 'மாதம் 2, 3 முறை' என்று குறிக்க, பள்ளியில் ஒரு மாதம் நிம்மதியாக இருந்திருக்க வேண்டாமா? நேரடிப் புல்லியிங் குறைவாகத் தெரியும். விடுமுறையில் ஃபோன் கையிலேயே இருப்பதால் சைபர் கூடத் தெரியும். இரண்டுக்கும் காரணம் நீங்கள் குறித்த தேதி.

கல்வி ஆண்டு மெஹர் 1 அன்று, செப்டம்பர் 23ஐ ஒட்டித் தொடங்குகிறது. அளக்க நல்ல காலம் ஆபான் கடைசியிலிருந்து ஆஸர் பாதி வரை, சுமாராக நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் முதல் வாரம் முடிய. இரண்டு மாதம் முழுதாகப் பள்ளி நடந்திருக்கும், பருவத் தேர்வு இன்னும் வந்திருக்காது. அப்போதும் ஒரு சிக்கல் உண்டு: காற்று மாசு, எரிவாயு, மின்சாரத் தட்டுப்பாடு என்று பெரிய நகரங்களில் பள்ளியை மூடிப் பாடத்தை ஷாத் என்ற இணையவழி வகுப்புச் செயலிக்கு மாற்றும் நாட்கள். பள்ளி அலுவலகத்திடம் கேட்டு, அந்த இரண்டு மாதத்தில் நேரில் நடந்த நாட்கள் எத்தனை என்று பள்ளிவாரியாகக் குறித்து வையுங்கள். ஒரு மாறியாகவே தரவில் இருக்கட்டும்.

வாரக் கணக்கிலும் கவனம் வேண்டும். அங்கே வாரம் சனிக்கிழமை தொடங்குகிறது. காலை, மதியம் என்று இரண்டு ஷிஃப்டாக ஓடும் பள்ளிகளில் சில இடங்களில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். வெளியே காத்திருந்து அடிப்பவன் எந்த ஷிஃப்டில் இருக்கிறான் என்பதைப் பொறுத்து 'வாரம் ஒரு முறை' என்ற விடையின் பொருளே மாறிவிடும்.

2025 பிப்ரவரி 17 | வேப்பம்பூ

தேதியை நவம்பருக்குத் தள்ளியாயிற்று. கிடைத்த காலத்தில் வினாத்தாளைச் சரி பார்க்கிறோம். 'இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப், டெலிகிராம்' என்று கேள்வியில் பெயர் போடலாமா?

2025 பிப்ரவரி 18 | அளவுகோல்

கேள்விக்குள் போடாதீர்கள். டெலிகிராம் 2018 முதல் தடை. இன்ஸ்டாகிராமும் வாட்ஸ்அப்பும் 2022 செப்டம்பரில் முடக்கப்பட்டன. வாட்ஸ்அப் மட்டும் 2024 டிசம்பரில் திரும்ப வந்தது. பிள்ளைகள் ஃபில்டர் உடைக்கும் செயலி போட்டு எல்லாவற்றிலும் இருக்கிறார்கள், அது எல்லாருக்கும் தெரியும். ஆனால் பள்ளிக்குள், பள்ளி அனுமதியோடு வந்த தாளில், தடைசெய்த செயலியில் தனக்கு நடந்ததை எழுதச் சொன்னால் பல பிள்ளைகள் 'இல்லை' என்று குறித்துவிட்டுத் தாளைத் திருப்புவார்கள். நீங்கள் அதைப் பூஜ்ஜியம் என்று பதிவீர்கள்.

மறுபக்கம், ரூபிகா, ஈதா, பலே என்று உள்நாட்டுச் செயலிகளை மட்டும் எழுதினால் நடப்பதில் பாதி வெளியே போய்விடும். கேள்வி 'ஃபோன் வழியாகவோ, இணையம் வழியாகவோ, விளையாட்டுக்குள்ளோ' என்றே இருக்கட்டும். எந்தச் செயலி என்பதைக் கடைசிப் பக்கத்தில், விருப்பம் இருந்தால் மட்டும் பதில் சொல்லும் ஒரு தனிக் கேள்வியாக வையுங்கள்.

செய்தவர் பகுதியில் இது இன்னும் கனமானது. அடுத்தவர் படத்தை மாற்றிப் பரப்புவது 2009ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் குற்றம். 'நீ அதைச் செய்தாயா' என்று 14 வயதுப் பிள்ளையிடம் கேட்கிறீர்கள். வகுப்பு ஆசிரியர் வெளியே போன பிறகே அந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டும்.

2025 பிப்ரவரி 18 | சிலேட்டு

ஷாத் பற்றி ஒரு சேர்க்கை. கோவிட் காலத்தில், 2020 ஏப்ரலில், கல்வி அமைச்சகம் கொண்டுவந்த செயலி அது. நிறைய வீடுகளில் அது அம்மாவின் ஃபோனில் ஓடியது. இப்போதும் சின்ன வகுப்புகளில் ஃபோன் பிள்ளையுடையது என்று எடுத்துக்கொள்ள முடியாது. 'என் கணக்குக்குள் யாரோ புகுந்தார்கள்' என்ற கேள்விக்கு, அக்கா தன் ஃபோனில் தங்கையின் கணக்கைத் திறந்ததும் 'ஆம்' ஆகிவிடும். 'என் அனுமதி இல்லாமல், என்னை நோகடிக்க' என்ற இரண்டு நிபந்தனையும் வாக்கியத்துக்குள்ளேயே வர வேண்டும். முன்னுரையில் சொன்னால் போதாது, பிள்ளைகள் முன்னுரையைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

2025 பிப்ரவரி 19 | அளவுகோல்

அதோடு சேர்த்து: 'உன் பள்ளியில் படிக்கும் இன்னொரு மாணவர்' என்று சைபர் கேள்வியில் போட்டால் இரானில் ஒரு பெரிய துண்டு காணாமல் போகும். பள்ளிகள் ஆண், பெண் தனித்தனி. ஒரு பெண்ணின் படத்தைப் பரப்புவதாக மிரட்டும் பையன் அவள் பள்ளியில் இருக்கவே முடியாது. 'உன் வயதை ஒத்த ஒருவர், தெரிந்தவரோ தெரியாதவரோ' என்று எழுத வேண்டும். நேரடிப் புல்லியிங்குக்குப் 'பள்ளியில் இன்னொரு மாணவர்' சரி. இல்லாவிட்டால் அண்ணன் அடித்ததும் ஆசிரியர் அடித்ததும் அதே கட்டத்தில் வந்து விழும்.

2025 மார்ச் 2 | வேப்பம்பூ

வல்லுநர் குழு 10 பேர். ஒவ்வொரு கேள்வியையும் எத்தனை பேர் அவசியம் என்கிறார்கள் என்பதை வைத்து லாஷே விகிதம் கணக்கிட்டோம். 'படத்தை மாற்றிப் பரப்பினார்கள்' என்ற கேள்விக்கு 8 பேர்தான் அவசியம் என்றார்கள். நீக்கிவிடலாமா?

2025 மார்ச் 2 | அளவுகோல்

கணக்குப்படி நீக்க வேண்டும். 10 பேருக்கு லாஷேயின் (1975) குறைந்தபட்ச அளவு 0.62. 8 பேர் என்றால் (8 − 5) ÷ 5 = 0.60. 9 பேர் வேண்டும், அப்போது 0.80. ஒரே ஆள் வித்தியாசத்தில் கேள்வி போகிறது.

நீக்காதீர்கள். அந்த 10 பேர் யார்? உளவியல், செவிலியியல், கல்வியியல் பேராசிரியர்களாக இருப்பார்கள். முகம் ஒட்டிய படம் வகுப்புக் குழுவில் எப்படிச் சுற்றுகிறது என்று அவர்களைவிட ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்குத்தான் தெரியும். இரானியப் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டில் ஹிஜாப் இல்லாமல் எடுத்த சாதாரணப் படம் வெளியே போவதே குடும்பத்தில் பூகம்பம். அதை மாற்றக்கூட வேண்டியதில்லை. இந்தக் கேள்வியை இரண்டாகப் பிரிக்கவும்: 'என்னுடைய படத்தை அனுமதி இல்லாமல் பரப்பினார்கள்', 'என் படத்தை மாற்றிப் பரப்பினார்கள்'. லாஷே எண்ணையும் கேள்வியை வைத்துக்கொண்ட காரணத்தையும் கட்டுரையில் அப்படியே எழுதுங்கள். மதிப்பாய்வாளர் ஏற்பார்.

பிறகு 8 முதல் 12 பிள்ளைகளைத் தனித்தனியாக உட்காரவைத்து ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, 'இதைப் படித்ததும் என்ன நினைவு வந்தது, ஏன் இந்த விடை' என்று கேளுங்கள். பையன்கள், பெண்கள், நல்ல மதிப்பெண் எடுப்பவர்கள், வாசிக்கத் திணறுபவர்கள் எல்லாரும் வேண்டும். முன்னும் பின்னும் மொழிபெயர்த்துச் சரிபார்த்தோம் என்ற ஒரு வரி இந்த வேலைக்கு ஈடாகாது.

2025 மார்ச் 3 | அளவுகோல்

மேலே சொன்னதிலிருந்து ஒரு தொடர்ச்சி. மீண்டும் மீண்டும் நடக்க வேண்டும் என்ற நிபந்தனை படம் பரப்பும் கேள்வியில் உடைகிறது. அவன் ஒரு முறைதான் போட்டான். நானூறு பேர் பார்த்தார்கள், யாரோ பத்து நாள் கழித்து மறுபடி அனுப்பினார்கள். பிள்ளை 'ஒன்றிரண்டு முறை' என்று குறிப்பாள், வெட்டுக்கோட்டுக்குக் கீழே போய்விடுவாள். அதனால் படம், போலிக் கணக்கு இரண்டுக்கும் அடியில் துணைக் கேள்வி ஒன்று வையுங்கள்: 'அது உன்னை எவ்வளவு பாதித்தது', நான்கு விடை. முடிவில் இரண்டு எண் கொடுங்கள்: வழக்கமான வெட்டுக்கோட்டின்படி ஒன்று, 'ஒரே முறை ஆனாலும் மிகவும் பாதித்தது' என்பதையும் சேர்த்து ஒன்று. இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் இந்தத் தலைப்பில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த இடைவெளியில் இருப்பவர்கள் நிஜப் பிள்ளைகள்.

2025 மார்ச் 8 | சிலேட்டு

அச்சுத்தாளா, டேப்லெட்டா?

2025 மார்ச் 8 | அளவுகோல்

எதுவானாலும் முதலில் பெஞ்சைப் பாருங்கள். பல பள்ளிகளில் இரண்டு, மூன்று பேர் சேர்ந்து உட்காரும் நிமிகத் பெஞ்சுதான். அடிப்பவனும் அடிபடுபவனும் தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கலாம். பக்கத்துப் பையனின் கண் தாளில் இருக்கும்போது யாரும் 'வாரம் பல முறை' என்று குறிக்க மாட்டார்கள். தேர்வுக் கூடத்துக்கு அழைத்துப் போய் தேர்வு இடைவெளியில் உட்காரவையுங்கள். முடியாவிட்டால் கேள்வி வரிசை மாறிய இரண்டு வடிவம் அச்சிட்டு மாற்றி மாற்றிக் கொடுங்கள், கனமான மேலட்டை ஒன்றும் சேர்த்து. 'இல்லை' என்பவரும் 'ஆம்' என்பவரும் ஒரே நேரம் எழுதும்படி எல்லாருக்கும் துணைக் கேள்விகள் இருக்கட்டும். சீக்கிரம் முடிப்பவன் யாரோ, அவனுக்கு எதுவும் நடக்கவில்லை என்று வகுப்பே கண்டுகொள்ளும்.

நாஸெம், அதாவது ஒழுங்கைக் கவனிக்கும் துணைத் தலைமை, அறைக்குள் நிற்கக் கூடாது. இதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். கதவருகே நின்றால் போதும் என்பார்கள். கதவருகிலும் வேண்டாம்.

2025 மார்ச் 9 | சிலேட்டு

தரவு பதிவதில் அடிக்கடி உடையும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன்.

திசை. பாரசீகத் தாளில் 'ஒருபோதும் இல்லை' வலது ஓரத்தில் வர வேண்டும். இணையப் படிவத்தில் பக்கத் திசையை வலமிருந்து இடம் என்று அமைக்காமல் விட்டால் தலைப்பு ஒரு பக்கமும் பொத்தான்கள் மறுபக்கமுமாக நின்றுவிடும். ஒரு கேள்வியில் மட்டும் 4 அதிகமாக வந்தால் பிள்ளைகளைச் சந்தேகிக்கும் முன் படிவத்தைத் திறந்து பாருங்கள்.

ரகசியக் குறி. இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து ஒப்பிட, பெயர் கேட்காமல் பிள்ளையே உருவாக்கும் குறி வைப்போம்: அம்மா பெயரின் முதல் எழுத்து, பிறந்த தேதி, வீட்டு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் என்று. அம்மா பெயர் ஃபாத்திமா, ஸஹ்ரா, மர்யம் என்றே பாதி வகுப்பு இருக்கும். முதல் எழுத்து போதாது, மூன்றாம் எழுத்தையும் கேளுங்கள். எழுத்திலேயே இன்னொரு கண்ணி: யே, காஃப் என்ற எழுத்துகள் இரண்டுக்கும் அரபு விசைப்பலகையில் ஒரு யூனிகோடு, பாரசீக விசைப்பலகையில் வேறு யூனிகோடு. கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. எண்களும் அப்படியே, அரபு எண்கள், பாரசீக எண்கள், நம் வழக்கமான எண்கள் மூன்றும் கலந்து வரும். மத்தா போட்ட அலிஃபும் வெறும் அலிஃபும் மாறி மாறி வரும். அரைவெளிக் குறி கண்ணுக்கே தெரியாது. ஒப்பிடும் முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றாவிட்டால், நல்ல ஜோடிகளைத் 'தொடர்பு அறுந்தவர்கள்' என்று தூக்கிப் போட்டுவிடுவீர்கள்.

பிறந்த ஆண்டு. 1390 என்று எழுதுவதை வயதாக மாற்றும்போது 621ஐக் கூட்டி முடித்துவிடாதீர்கள். தேய், பஹ்மன், எஸ்ஃபந்த் மாதத்தில் பிறந்த பிள்ளைக்கு 622 வரும் (தேய் மாதத்தின் முதல் பத்து நாட்கள் அளவில் மட்டும் டிசம்பரில் விழும்). மாதத்தையும் கேட்டால் தொல்லையில்லை.

2025 மார்ச் 29 | வேப்பம்பூ

சின்னதாக முன்னோட்டம் செய்த தரவில் எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் காரணிப் பகுப்பு (எந்தக் கேள்விகள் சேர்ந்து போகின்றன என்று பார்ப்பது) போட்டால் பட்டவர் பகுதி மூன்றாகப் பிரிகிறது. கருத்து ரீதியாக எந்தப் பொருளும் தெரியவில்லை.

2025 மார்ச் 29 | அளவுகோல்

எந்தெந்தக் கேள்வி எந்தக் காரணியில் என்பதை அடிக்கடி நடப்பது, அரிதாக நடப்பது என்று வரிசைப்படுத்திப் பாருங்கள். திட்டுவது, புறம் பேசுவது ஒரு பக்கம். கணக்கு திருடுவது, படம் மாற்றுவது இன்னொரு பக்கம் என்று வந்தால் அது வினாத்தாளின் அமைப்பு இல்லை. பெரும்பாலானோர் 0 குறித்த கேள்விகளை, தொடர் எண்கள் என்று நினைத்துச் சாதாரணத் தொடர்புக் கெழு போட்டதன் விளைவு. ஒரே அளவு அரிதான கேள்விகள் தங்களுக்குள் ஒட்டிக்கொள்ளும்.

பாலிகோரிக் தொடர்பு (வரிசையாக உள்ள விடைகளுக்கான தொடர்புக் கெழு) வையுங்கள், வரிசைத் தரவுக்கான நிறையிட்ட மீச்சிறு வர்க்க முறையில் மதிப்பிடுங்கள். ஐகன் மதிப்பு 1க்கு மேல் என்ற விதியை விடுங்கள், இணைப் பகுப்பாய்வு (சீரற்ற தரவோடு ஒப்பிடுவது) வைத்துக் காரணி எண்ணிக்கை முடிவு செய்யுங்கள். தேடும் பகுப்பையும் உறுதிசெய்யும் பகுப்பையும் ஒரே ஆட்களிடம் செய்யக் கூடாது. தரவை இரண்டாகப் பிரிக்கும்போது பிள்ளைகளைக் குலுக்காமல் வகுப்புகளைக் குலுக்கிப் பிரியுங்கள்.

முழு அளவுக்குப் போகும்போது: 20 வகுப்பு, வகுப்புக்கு 30 பேர், மொத்தம் 600 என்று வையுங்கள். ஒரே வகுப்புப் பிள்ளைகள் ஒத்திருக்கும் அளவு 0.05 என்றால் வடிவமைப்பு விளைவு (வகுப்பு வகுப்பாக எடுப்பதால் மாதிரி சுருங்கும் மடங்கு) 1 + 29 × 0.05 = 2.45. உங்கள் 600 உண்மையில் 245 பேருக்குச் சமம். அதே 600ஐ 40 வகுப்பில் 15 பேர் வீதம் எடுத்தால் விளைவு 1.7, அதாவது 353 பேருக்குச் சமம். வருகைப் பதிவேட்டில் ஒற்றைப்படை எண்காரர்களை மட்டும் எடுங்கள். யாரையும் குறிவைத்ததாகத் தெரியாது.

2025 மார்ச் 30 | சிலேட்டு

பையன்–பெண் ஒப்பீட்டுக்கு அளவுச் சமநிலை (தாள் இரண்டு குழுவிலும் ஒரே மாதிரி அளக்கிறதா என்பது) பார்க்கும்போது லவான் என்ற மென்பொருள் பாதியில் நிற்கும். பெண்கள் குழுவில் ஏதோ ஒரு கேள்விக்கு 4 என்று ஒருவர்கூடக் குறித்திருக்க மாட்டார். 3ஐயும் 4ஐயும் இரண்டு குழுவிலும் சேர்த்துவிடுங்கள், ஒரு குழுவில் மட்டும் சேர்க்கக் கூடாது. பிறகு படிப்படியாக: ஒரே அமைப்பு, ஒரே சுமை (கேள்வி காரணியோடு ஒட்டும் அளவு), ஒரே வாயில்கள் (ஒரு விடையிலிருந்து அடுத்ததுக்குத் தாண்டும் இடம்). மாதிரி தரவோடு பொருந்துவதைக் காட்டும் சிஎஃப்ஐ 0.01க்கு மேல் இறங்கினால் (சியங், ரென்ஸ்வோல்ட், 2002) நின்று எந்தக் கேள்வி என்று தேடுங்கள். அந்த அளவு தொடர் தரவுக்குச் சொன்னது என்பதையும் கட்டுரையில் எழுதிவிடுங்கள்.

2025 மார்ச் 30 | அளவுகோல்

சமநிலை கிடைத்தாலும் ஒரு எச்சரிக்கை. அங்கே பாலும் பள்ளியும் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. பையன்கள் பள்ளியில் ஆண் நிர்வாகம், பெண்கள் பள்ளியில் பெண் நிர்வாகம். வித்தியாசம் பிள்ளையிலிருந்து வருகிறதா பள்ளியிலிருந்து வருகிறதா என்று இந்தத் தரவால் பிரிக்க முடியாது. 'பையன்கள் அதிகம் அடிக்கிறார்கள்' என்பதைப் 'பையன்கள் பள்ளிகளில் அடிப்பது அதிகம் பதிவாகிறது' என்று எழுதுங்கள்.

2025 ஏப்ரல் 12 | வேப்பம்பூ

இதே தாளை ஆப்கன் பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா? அவர்களும் பாரசீகம்தானே பேசுகிறார்கள்.

2025 ஏப்ரல் 12 | அளவுகோல்

இரானியப் பள்ளிக்குள் படிக்கும் ஆப்கன் பிள்ளை என்றால் தாளின் மொழி பெரும்பாலும் சிக்கல் இல்லை. அவர்கள் அந்த மொழியில்தான் பாடம் படிக்கிறார்கள். ஆவணம் இல்லாத ஆப்கன் பிள்ளைகளும் பள்ளியில் சேரலாம் என்ற வழி 2015இல் திறந்தது. சிக்கல் உள்ளடக்கத்தில். 'என் இனத்தைச் சொல்லித் திட்டினார்கள்' என்று பொதுவாகக் கேட்டால் அவர்களுக்கு நடப்பது பிடிபடாது. அங்கே 'ஆப்கானி' என்று அழைப்பதே வசை. 'எங்கிருந்து வந்தாய் என்பதையோ, பேச்சு வழக்கையோ, முகத்தையோ சொல்லி' என்று விரித்து எழுதுங்கள். அதே கேள்வி, வீட்டில் அஸெரி துருக்கியோ குர்தியோ பேசும் இரானியப் பிள்ளைக்கும் பொருந்தும். வகுப்புக்கு வயது கூடியவர்களாக இருப்பார்கள், ஆகவே வகுப்பை மட்டும் நம்பாமல் வயதைத் தனியாகக் கேளுங்கள். 'நீ எந்த நாடு' என்று நேராகக் கேட்காதீர்கள். ஆவணம் இல்லாத வீட்டுக்கு அந்தக் கட்டம் ஒரு பயம். வீட்டில் பேசும் மொழி, அப்பா அம்மா பிறந்த ஊர் போதும். அதுவும் கடைசிப் பக்கத்தில், விடாமல் நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமில்லாமல்.

ஆப்கானிஸ்தானுக்குள் என்றால் தாளை மறுபடி செய்ய வேண்டும். அங்கே பேசும் பாரசீகமான தரியில் பள்ளி மக்தப், வகுப்பு ஸின்ஃப். இரானியத் தாளின் 'மத்ரஸே' அங்கே மதப் பள்ளியாகக் கேட்கும். 2021க்குப் பிறகு ஆறாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் பள்ளியில் இல்லை. பள்ளி வழியாக எடுக்கும் எந்த மாதிரியும் அங்கே பையன்கள் மட்டும்தான், அதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும். தஜிகிஸ்தான் சிரிலிக் எழுத்து. அது இன்னொரு வேலை. உலக சுகாதார நிறுவன ஆய்வு தஜிகிஸ்தானில் 2006இலும் ஆப்கானிஸ்தானில் 2014இலும் நடந்திருக்கிறது, அந்தத் தாள்களை வாங்கிப் பாருங்கள்.

2025 ஏப்ரல் 13 | அளவுகோல்

கைக்கு அருகில் இருந்தும் பலர் தொடாத ஒன்று: டிம்ஸ், பல நாடுகளில் நடக்கும் கணித, அறிவியல் மதிப்பீடு. இரான் 1995 முதல் அதில் இருக்கிறது. நாலாம், எட்டாம் வகுப்பு மாணவர் தாளில் புல்லியிங் கேள்விகள் உண்டு, இணையத்தில் நடப்பதையும் சேர்த்து. பாரசீக மொழிபெயர்ப்பு சர்வதேச அளவில் சரிபார்க்கப்பட்டது, மாதிரி நாடு முழுவதற்குமானது, தரவு இலவசம். குறை: காலம் ஒரு கல்வி ஆண்டு, செய்தவரைப் பற்றிக் கேட்காது, பலத்தில் உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றியும் கேட்காது. உங்கள் தாளில் அந்தக் கேள்விகளில் நாலைந்தை அப்படியே சேர்த்தால், உங்கள் மாதிரி நாட்டிலிருந்து எவ்வளவு விலகியது என்று பார்க்க ஒரு பிடி கிடைக்கும்.

2025 ஏப்ரல் 27 | வேப்பம்பூ

தாளில் யாராவது மோசமாக எழுதியிருந்தால் என்ன செய்வது? பெயர் இல்லையே.

2025 ஏப்ரல் 27 | அளவுகோல்

பெயர் இல்லாதபோது தேடிப் போகக் கூடாது, போனால் அடுத்த பள்ளியில் ஒருவரும் உண்மை எழுத மாட்டார்கள். அதற்குப் பதில் வழி முன்கூட்டியே இருக்க வேண்டும். எல்லாருக்கும் ஒரே அளவு சீட்டு: 123 சமூக அவசர எண், 1480 ஆலோசனை எண், பள்ளி ஆலோசகரைச் சந்திக்கும் நேரம். பின்புறம் 'யாராவது என்னோடு பேச வேண்டும்' என்ற ஒரு கட்டமும் பெயர் எழுத இடமும். எல்லாரும் சீட்டை மடித்து, காலியாக இருந்தாலும், தனிப் பெட்டியில் போட வேண்டும். பெட்டி ஆய்வாளர் கையில் போகட்டும், பள்ளி அலுவலகத்துக்குப் போகக் கூடாது. அன்று மாலைக்குள் ஆலோசகர் அழைக்க வேண்டும். பெண் பிள்ளைகள் பலர் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம், சொன்னால் முதலில் பறிபோவது தங்கள் ஃபோன்தான் என்பது. ஆலோசகருக்கு அதை முன்பே சொல்லிவையுங்கள்.

2025 மே 4 | வேப்பம்பூ

கடைசியாக ஒன்று. பள்ளித் தலைமை 'எங்கள் வகுப்புவாரி முடிவைக் கொடுங்கள்' என்கிறார்கள். அனுமதி கொடுத்தவர்கள், மறுக்க முடியவில்லை.

2025 மே 4 | சிலேட்டு

வகுப்புவாரி வேண்டாம், பள்ளி அளவில் கொடுங்கள். 24 பேர் வகுப்பில் 'வாரம் பல முறை' ஒருவர் என்று போனால், அன்றைக்கே அந்த ஒருவரைத் தேட ஆரம்பிப்பார்கள்.

2025 மே 5 | அளவுகோல்

பள்ளி அளவிலும் 5க்குக் கீழே உள்ள கட்டங்களை மறையுங்கள். மறைக்கும்போது மொத்தத்தையும் பக்கத்திலேயே கொடுத்து ஒரே ஒரு கட்டத்தை மட்டும் காலியாக விட்டால், கழித்துப் பார்த்தாலே எண் வந்துவிடும். அதே வரிசையில் இரண்டாவது கட்டம் ஒன்றையும், அதே பத்தியில் ஒன்றையும் சேர்த்து மறைக்க வேண்டும். ஆய்வு ஒப்பந்தத்தில் இந்த விதியைப் பள்ளிக்குப் போகும் முன்னரே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். தரவு வந்த பிறகு பேசினால் தலைமையாசிரியர் அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்.